வண்டிக்குப் பின்னால் ஓடும் வேலை

நான் லைன் சூப்பர்வைசராக இருந்த கார்மென்ட்ஸ் கம்பெனியைத் துமகூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேண்டுமானால் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். விவேக் நகரில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஆட்டோ ஓட்டும் கணவரையும் விட்டுவிட்டு யார் துமகூர் போவது? நான் போகவில்லை.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. வரிசையாக ஓடும் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும், காலர் கோணலாக வந்தால் பிரித்துத் தைக்கச் சொல்ல வேண்டும், சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். வேலை போன பிறகு இரண்டு விஷயங்கள் என்னிடம் மிஞ்சின. ஒன்று, கம்பெனிக்குப் போய்வர வாங்கிய ஸ்கூட்டர். இன்னொன்று அந்தக் கத்தல்.

"அம்மா, நீ வேலைக்குப் போயிட்டு இருந்தப்ப நல்லா இருந்துச்சு. இப்போ எங்களைத்தான் லைன்ல நிக்க வெக்கிற" என்றாள் பெரியவள். சின்னவள் தலையை ஆட்டினாள்.

எங்கள் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். தர்மபுரிப் பெண். ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாறுவாள். ஆசைப்பட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கி மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருந்தாள். கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்ன அண்ணன் ஊரிலிருந்து வரவே இல்லை. ஒரு நாள் நான் வாசலில் என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, வண்டிய வாங்கி வெச்சு அதுமேல துணி காயப் போட்டுட்டு இருக்கேன். நீங்க கத்துக் குடுக்கறீங்களா?"

"எனக்கு ஓட்டத்தான் தெரியும். சொல்லிக் குடுக்கல்லாம் தெரியாதே."

"ஓட்டத் தெரியுதுல்ல, அது போதும்க்கா."

அவள் எல்.எல்.ஆர். வாங்கியதும், எங்கள் ஏரியா கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கான்வென்ட் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். காலையில் நடக்க வருகிறவர்களுக்காக அதன் கேட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். அங்கே போன பிறகுதான் அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்பது தெரிந்தது. அவள் உட்கார்ந்ததுமே வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. பிடித்த பிடியை விடாமல் நானும் கூடவே ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகக்கூட நேரமில்லை.

"கீழ பாக்காத! வீலைப் பாக்காத! எங்க போகணுமோ அங்க பாரு!"

என் கம்பெனிக் குரல் அப்படியே வெளியே வந்தது. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. நடந்துகொண்டிருந்த பெரியவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பெண் தலையை நிமிர்த்திவிட்டாள். தலை நிமிர்ந்ததும் வண்டி நேராகிவிட்டது.

சில நாள் இப்படி ஓடினேன். இடுப்பு வலித்தது. ஒரு காலையில் மைதானத்தின் பாதியில் கம்பியை விட்டுவிட்டேன். அது அவளுக்குத் தெரியாது. "அக்கா, கெட்டியா பிடிச்சுக்கங்க! விட்டுடாதீங்க!" என்று முன்னால் பார்த்துக் கத்திக்கொண்டே போகிறாள். நான் நின்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, "பிடிச்சிருக்கேன், போ போ" என்கிறேன். என் குரல் தூரத்திலிருந்து வருவது ஒரு வளைவு திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பயந்து பிரேக் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஓவென்று கத்தினாள், அப்புறம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்றும் வந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பெனியில் எத்தனையோ ஆயிரம் சட்டை பார்த்து அனுப்பியிருக்கிறேன். ஒரு சட்டையாவது என்னைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

லைசென்ஸ் வாங்கிய அன்று அவள் ஒரு கவரைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். நான் வாங்க மறுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எப்படிக் காசு வாங்குவது?

"நான் ஊசி போடறதுக்குச் சம்பளம் வாங்கலியா? பேஷன்ட்டெல்லாம் எனக்குப் பக்கத்து வீடு மாதிரிதான்" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அவளே தன் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொன்னாள். அங்கிருந்து இன்னொரு நர்ஸ் வந்தாள். பிறகு கோரமங்களாவில் ஐ.டி. கம்பெனிக்குப் போகும் கோயம்புத்தூர்ப் பெண், தையல் கடைக்காரர் மனைவி, கன்னடம் மட்டும் பேசும் ஒரு டீச்சர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். "முந்தெ நோடி, முந்தெ நோடி" என்று கன்னடத்திலும் கத்தக் கற்றுக்கொண்டேன். இரண்டு மொழியிலும் சொல்லவேண்டியது ஒன்றுதான். முன்னால் பார்.

வீட்டில்தான் சிக்கல் கிளம்பியது. என் கணவர் நல்ல மனிதர். ஆட்டோ ஓட்டுவது அவருக்கு உயிர். காலையில் வண்டிக்குச் சாமந்திப்பூ வைக்காமல் கிளம்ப மாட்டார். சவாரியில் யார் என்ன பேசினார்கள் என்பதை ராத்திரி சாப்பாட்டில் சினிமாக் கதை மாதிரி சொல்வார். ஒரு நாள் கதை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஸ்டாண்டுல ஒரே கலாய்க்கிறானுங்க. ஏரியா பொம்பளைங்களுக்கெல்லாம் உன் பொண்டாட்டி வண்டி கத்துக் குடுத்துட்டா, நம்ம ஆட்டோல யார்டா ஏறுவான்றானுங்க."

பிள்ளைகள் இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த நர்ஸ் அவசரத்துக்கு இவருடைய ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"நிறுத்திடட்டுமா?" என்றேன்.

அவர் தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டார். "நிறுத்திட்டா மறுபடியும் எங்களை லைன்ல நிக்க வெப்ப. வேணாம். நீ ஓடு" என்றார்.

ஸ்டாண்டில் அதிகம் கலாய்த்தவர் பருமனான, மீசை வைத்த ஒருவர். அடுத்த வாரமே ஒரு காலை அவருடைய ஆட்டோ மைதானத்துக்குள் வந்து நின்றது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். பின்னாலிருந்து அவருடைய மனைவி இறங்கினார். ஒரு பெரிய ஆபீஸ் கேன்டீனில் சமையல் வேலை அவருக்கு.

"அண்ணி, இவளுக்குச் சீக்கிரமா கத்துக் குடுத்துடுங்க" என்றார் மீசைக்காரர். "காலைல நல்ல நல்ல சவாரி வர்ற நேரத்துல இவளைக் கொண்டுபோய் விடவே எனக்குப் பொழுது சரியாப் போவுது. பேஜாராகீது."

அவர் மனைவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அன்று ராத்திரி என் கணவர் அதை நடித்துக் காட்டி, சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு ஸ்டாண்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

மைதானத்தில் எங்கள் கூட்டம் பெருகியபோது ஒரு காலை கான்வென்ட் பக்கத்துக் கதவு திறந்தது. பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரி வெளியே வந்தார். என் பிள்ளைகள் படிப்பது வேறு பள்ளியில் என்றாலும் அவரைப் பற்றி ஏரியா முழுக்கத் தெரியும். உயரமானவர். வெள்ளை அங்கி, கறுப்பு முக்காடு, கையில் சாவிக்கொத்து. அந்தச் சத்தம் கேட்டாலே வகுப்பறைகள் அடங்கிவிடும் என்பார்கள். வண்டியில் இருந்த கேன்டீன் அக்கா தானாகவே இறங்கிவிட்டார். எல்லாரும் வரிசையாக நின்றோம்.

"நீங்கதான் டெய்லி காலைல கத்துறதா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா சிஸ்டர். இனிமே வேற எடம் பாத்துக்கறோம்."

"நான் ஜெபத்துல உட்கார்ந்திருக்கும்போது, முன்னால பாரு, முன்னால பாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். குரல் இறங்கியது. "என்னை மாதிரி வயசானவங்களுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?"

கேன்டீன் அக்கா சட்டென்று வண்டியின் சீட்டை முந்தானையால் துடைத்தார்.

பள்ளி முடிந்த பிறகு அவர் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துவிட்டு வருவாராம். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி சாயங்காலம் போய்விடுகிறதாம். மடத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் சும்மா நிற்கிறதாம்.

அவருக்குக் கற்றுக்கொடுத்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடு, பெரிய சந்தோஷமும். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் உட்காராது. உட்கார்ந்தால் கழற்ற வராது. வண்டி கிளம்பினால் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஜெபம் சொல்லுவார். "கண்ணைத் தொறங்க சிஸ்டர்! அப்புறமா ஜெபிக்கலாம்!" என்று நான் பின்னால் ஓடிக்கொண்டே கத்துவேன். அந்தப் பள்ளியில் அவரைப் பார்த்துக் கத்திய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். சீக்கிரம் வந்துவிட்ட பிள்ளைகள் வராந்தாத் தூண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரு தடவை கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல்மேட்டில் நேராக ஏறிச் சாய்ந்துவிட்டார். எல்லாரும் பதறி ஓடினோம். அவர் மணலில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைகள் தூண்களுக்கு வெளியே வந்து கைதட்டினார்கள்.

மணலைத் தட்டிவிட்டு, இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அப்போது கேட்டேன். "சிஸ்டர், உங்க வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

யோசித்தார். "வயசானவங்களைப் பார்க்கப் போறது ரொம்பப் பிடிக்கும். பிள்ளைங்களைப் பிடிக்கும். மீட்டிங்னு சொல்லி கூப்பிடுவாங்க பாருங்க, அது மட்டும் ஆகவே ஆகாது." பிறகு என்னைத் திருப்பிக் கேட்டார். "உங்களுக்கு?"

முதல் தடவையாக ஒருவர் என்னிடம் அதைக் கேட்டார். யோசிக்காமல் பதில் வந்தது. "காலைல அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது சிஸ்டர்."

டெஸ்டுக்குச் சிஸ்டர் என் கணவரின் ஆட்டோவில் வந்தார். ஸ்கூட்டரை நான் ஓட்டிவந்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போட வேண்டும். பெண்களும் இளைஞர்களும் நிறையப் பேர் நின்றார்கள். சிஸ்டரைப் பார்த்து எல்லாரும் வழிவிட்டார்கள். அதுவே அவருக்குப் பதற்றமாகிவிட்டது. எட்டின் இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டார். அதிகாரி மரியாதையாகவே சொன்னார். "மேடம், கால் இட்டுபிட்ரி. இன்னொம்மெ பன்னி." காலை வைத்துவிட்டீர்கள், இன்னொரு தடவை வாருங்கள் என்று அர்த்தம்.

திரும்பும்போது ஆட்டோவில் சிஸ்டர் பாதி வழியில் திடீரென்று சிரித்தாராம். "எத்தனை பிள்ளைங்களை நான் ஃபெயில் போட்டிருக்கேன்! அவங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் போல" என்று என் கணவரிடம் சொன்னாராம். அந்த வருடம் பள்ளியில் மறுபரீட்சை கொஞ்சம் சுலபமாக இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த முறை கண்ணைத் திறந்துகொண்டு, காலை ஊன்றாமல், அழகாக எட்டுப் போட்டார். அதிகாரியே தலையசைத்துச் சிரித்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று வியாழக்கிழமை. கோயிலுக்குக் கூட்டம் வரும் நாள். சிஸ்டர் வண்டியோடு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "பின்னாடி உட்காருங்க. ஒரு பாட்டியைப் பார்க்கப் போறேன். முதல் நாள் தனியாப் போகப் பயமா இருக்கு."

உட்கார்ந்தேன். மெழுகுவர்த்திக் கடைகள், பூக்காரிகள், பஸ், குறுக்கே ஓடும் ஆட்டோக்கள் என்று தெரு நிறைந்திருந்தது. மைதானத்தில் தேவைப்படாததால் நாங்கள் ஹார்னைத் தொட்டதே இல்லை. வழியில் ஒரு தள்ளுவண்டி நின்றிருந்தது.

"ஹார்ன் அடிங்க சிஸ்டர்" என்றேன்.

தயங்கித் தயங்கி ஒரு தடவை அழுத்தினார். தள்ளுவண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, சிஸ்டர் என்று தெரிந்ததும் வணக்கம் சொல்லி அவசரமாக நகர்ந்தார். சிஸ்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. யாருமே குறுக்கே வராத இடத்திலும் அழுத்தினார். தெரிந்த வீடுகளைத் தாண்டும்போதெல்லாம் அழுத்தினார். ஜன்னல்கள் திறந்தன. யாரோ ஒரு பையன் மொட்டை மாடியிலிருந்து, "ஹெச்.எம். வண்டி ஓட்டறாங்கடா!" என்று கத்தினான்.

"போதும் சிஸ்டர்" என்றேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லி, நீளமாக ஒரு ஹார்ன் அடித்துவிட்டு வளைவில் திரும்பினார்.