அக்கா மாட்டிவிட்ட தோள்பட்டை

என் அக்காவுக்குத் தையல் தொழில். ஆனால் தெருவில் அவள் பேர் வாங்கியது ஊசியாலும் நூலாலும் இல்லை. அவள் புருஷனின் வலது தோள்பட்டை அடிக்கடி கழன்றுகொள்ளும். அதைத் திரும்ப மாட்டிவிடுகிறவள் அவள்தான். "கழட்டுறது அவரு, மாட்டுறது இவ" என்று எதிர்வீட்டு டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மாமாவுக்கு ஃபால்ஸ் சீலிங் போடும் வேலை. நாள் முழுக்க ஸ்டாண்டில் ஏறி நின்று, ஒரு கையால் பலகையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். கழலுகிற தோளுக்கு இதைவிட ஆகாத வேலை கிடையாது. முதல் தடவை பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது கழன்றது. ஆஸ்பத்திரியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, மணிக்கட்டில் எடையைக் கட்டினார்கள். தசை அசந்ததும் டாக்டர் லேசாக இழுத்தார், எலும்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு சட்டையைப் பார்த்தாலே அதே போல இன்னொன்று தைத்துவிடுகிற கண் அவளுக்கு. "இனி இது அடிக்கடி கழலும், ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லது" என்று டாக்டர் சொன்னார். அது மாமாவின் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அடுத்த தடவை கழன்றபோது அவர் நேராக வீட்டுக்கு வந்து, அக்கா துணி வெட்டுகிற மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டார். "அங்க செஞ்சதையே நீயும் செய்" என்றார். அவள் சின்னத் தண்ணீர் கேன் ஒன்றை லைனிங் துணியில் கட்டி அவர் மணிக்கட்டில் தொங்கவிட்டாள். டாக்டர் இழுத்த மாதிரியே இழுத்தாள், சரியாகிவிட்டது. அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. தசை அசருகிற வரைக்கும் ஊர்வம்பு பேசுவாள். எவள் எந்த அளவைக் குறைத்துச் சொன்னாள், எவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கொடுத்தாள் என்றெல்லாம் எடுத்துவிடுவாள். அவர் சிரிக்கிற நேரமாகப் பார்த்து இழுப்பாள். டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். மாமா எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆபரேஷன் எப்ப மாமா?" என்று கேட்பேன்.

"உங்கக்கா இருக்கையில எனக்கெதுக்கு ஆபரேஷன்?" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்கோ உச்சி குளிர்ந்துவிடும். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம், பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்?

அன்று மதியம் நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வேன் வந்து நின்றது. மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் மாமாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். எப்போதும் தானாக நடந்து வந்து படுக்கிறவர், அன்று சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தார். ஸ்டாண்ட் சாய்ந்து, கையை ஊன்றி விழுந்திருக்கிறார்.

"வர்ற வழியிலதானே ஆஸ்பத்திரி இருக்கு?" என்று கத்தினேன்.

"அவருதாம்மா வீட்டுக்கு விடச் சொன்னாரு" என்றார் மேஸ்திரி, அக்காவைக் கைகாட்டி. "தங்கச்சி ஒரே இழுப்புல சரி பண்ணிடும்னாரு."

அவர்மேல் குற்றமில்லை. இந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அக்கா வெட்டி வைத்திருந்த துணிகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மேசையைக் காட்டினாள். அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கேனைக் கட்டினாள். கை தொங்கியதுதான் தாமதம், மாமா அலறினார். அப்படி ஓர் அலறலை அந்த வீடு கேட்டதே இல்லை. அக்கா சட்டென்று கேனைக் கையில் தாங்கிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள்.

தோளைத் தடவிப் பார்த்தாள். கழன்றால் எப்போதும் பள்ளம் விழுகிற இடம் அன்று புடைத்துக்கொண்டிருந்தது. கையைத் துளி நகர்த்தினாலும் உள்ளே நறநறவென்றது.

"கண்ணை மூடிக்கங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"நீ இன்னும் தொடவே இல்லையே."

அவருடைய சுண்டுவிரல் அவள் பிடிக்குள் இருந்தது. நான் மற்ற விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தன.

"இழு. உயிர் போகுது, இழு" என்று மாமா பல்லைக் கடித்தார்.

"என்னம்மா பார்த்துக்கிட்டு நிக்கிற? இழும்மா!" என்றார் மேஸ்திரி. உண்மையைச் சொன்னால், இழுத்துத் தொலையேன் என்றுதான் எனக்கும் இருந்தது. அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மாட்டேன்" என்றாள் அக்கா.

"பயந்துட்டியா?" என்று மாமா உறுமினார்.

"ஆமா. பயமா இருக்கு. வண்டியை எடுங்க."

தலையணையை அக்குளில் செருகி, கையை இருந்த நிலையிலேயே உடம்போடு சேர்த்து அகலத் துணியால் கட்டினாள். வேன் ஒவ்வொரு குழியில் இறங்கி ஏறும்போதும் மாமா அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவள் காதில் வாங்கவே இல்லை. நீலம் பாய்கிறதா என்று அவர் நகங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஏசுவது நின்றுவிட்டது. அதுதான் எங்களை இன்னும் கலங்கடித்தது.

எக்ஸ்ரே எடுத்ததும் டாக்டர் வெளியே வந்தார். "தோளும் கழன்றிருக்கு, எலும்பும் உடைஞ்சிருக்கு. உடைஞ்ச முனை ரத்தக்குழாயை அழுத்துது. யாராவது இழுத்திருந்தா கிழிச்சிருக்கும். கையைக் காப்பாத்த முடியுமான்னு உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியும்." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "தோள்குழியோட விளிம்பே தேஞ்சு கிடக்கு. பல தடவை கழன்றிருக்கே, யாரு மாட்டிவிட்டது?"

"நான்தான்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

ஆபரேஷன் முடிகிற வரைக்கும் அவள் பெஞ்சில் சாயக்கூட இல்லை. நான் வாங்கி வந்த டீ ஆறிப்போனது. மேஸ்திரி மட்டும், "நல்லவேளை, தங்கச்சி இழுக்கலை" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்களை உள்ளே விட்டபோது மாமா கண் விழித்திருந்தார். ரத்தக்குழாய் கிழியவில்லை, எலும்புக்குத் தகடு வைத்தாயிற்று, விரல்களுக்கு உணர்ச்சி வருகிறதா என்று பொறுத்துப் பார்க்கவேண்டும் என்று நர்ஸ் சொன்னார். அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். சூடு வந்திருந்தது.

மாமா நாக்கு குழறச் சிரித்தார். "அப்பவே சொன்னேன்ல? நீ இருக்கையில எனக்கென்ன..."

"நான் இருந்ததாலதாங்க இவ்வளவும்" என்றாள் அக்கா. "எனக்கு மட்டும் இழுக்கத் தெரியாம இருந்திருந்தா, நீங்க எப்பவோ ஆபரேஷன் பண்ணியிருப்பீங்க."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"சுண்டுவிரலைத்தானே பிடிச்சிருக்க?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவள் பிடித்திருந்தது சுண்டுவிரலைத்தான்.