ஒரு கரண்டிக் கடலை விழுது

என் உம்மாவின் அண்ணன் ஜெய்னுதீன் மாமா, பிரிக்பீல்ட்ஸில், வடையும் வெள்ளரித் துண்டும் போட்டுக் கடலைக் குழம்பு ஊற்றும் ரொஜாக் விற்றவர். வறுத்த கடலையை அம்மியில் அரைத்து, விழுதை வழித்துத் தின்றே தொந்தி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தான். தெம்பான ஆளைத்தான் ஏற்றுகிறான் என்று பேச்சு. மாமா இளைக்கப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கைக்கூடப் பாதியாக்கினார், விழுதைத்தான் விட முடியவில்லை. நாளுக்கு ஒரு கரண்டி என்று முத்து பீவி மாமி அளந்து கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் வை புள்ள."

"சயாமுக்குப் போறீங்களா? கரண்டிய நக்குங்க, போதும்லா."

மிச்சத்தை மாமி, எலும்பும் தோலுமாயிருந்த தன் தம்பி கௌஸுக்குக் கொடுத்தார். "நீ ஒல்லிக்குச்சி, உன்னை எவன் கேக்கப்போறான்? தின்னுடா."

மூன்று மாதத்தில் மாமாவின் கைலி இடுப்பில் நிற்கவில்லை. கௌஸுக்குக் கன்னம் வைத்துவிட்டது.

ஒருநாள் லோரி வந்தது. சிப்பாய் மாமாவின் கையைப் பிடித்துப் பார்த்துத் தள்ளிவிட்டான். பக்கத்தில் நின்ற கௌஸை ஏற்றிக்கொண்டான்.

கௌஸ் திரும்பவேயில்லை. சண்டை முடிந்து அரிசி வந்ததும் மாமா மறுபடி பருத்தார். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாமி எழுந்து வெளியே போய்விடுவார்.