பச்சை டப்பா, சிவப்பு டப்பா, அண்ணன் இல்லையா?

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர் "எது நல்லது?" என்று கேட்டால் அது கேள்வியே இல்லை, வீட்டிலேயே எடுத்துவிட்ட முடிவுக்கு நம்மிடம் கையெழுத்துக் கேட்கிறார் என்று அர்த்தம். ஜவுளிக்கடையோ மருந்துக்கடையோ, மேசைக்குப் பின்னால் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில் திண்டுக்கல் நாகல் நகரில் நானும் என் அண்ணன் அருளும் கடை வைத்திருந்தோம். கடை அண்ணன் பேரில். வாசலில் நின்று வரவேற்பது, டீ சொல்வது, பேரம் முடிப்பது அவன். பெட்டியைப் பிரித்து மாட்டுவது, எதற்கு எது பொருந்தும் என்று பார்ப்பது நான். திரையில் கார் சீறுவதும் குண்டு வெடிப்பதும் திக்காமல் தெரிய வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று தனியாக வேண்டும். உயர்ந்த ரகத்தில் இரண்டு கம்பெனிகளுக்குத்தான் போட்டி. ஒன்று பச்சை டப்பாவில் வரும், மற்றது சிவப்பு டப்பாவில். யாரும் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "பச்சையா, சிவப்பா?" அவ்வளவுதான். கார்டு விலைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம் என்பதால் அவர்கள் யோசித்ததில் நியாயம் உண்டு. ஆனால் யோசித்துவிட்டு என்னை ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அரை மணி நேரப் பிரசங்கம்

இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி வந்தான். அண்ணன் டீக்கடையில் இருந்தான். நானே இரண்டு டப்பாவையும் எடுத்து மேசைமேல் வைத்து, இது எந்த விளையாட்டுக்குச் சரிப்படும், அது எவ்வளவு கரண்டு இழுக்கும், இவன் வைத்திருக்கிற மானிட்டருக்கு எது போதும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். கடைசியில் பச்சையை வாங்கிக்கொள் என்றேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். எதற்கு என்று கேட்டால், அண்ணன் வரட்டுமாம்.

அண்ணனுக்கு இந்த விஷயத்தில் தெரிந்தது, பச்சை டப்பா பச்சையாக இருக்கும், சிவப்பு டப்பா சிவப்பாக இருக்கும் என்பது மட்டும்தான். உள்ளே வந்ததும் வழக்கம்போல என் கையைப் பார்த்தான். நான் தற்செயலாகப் பச்சை டப்பாவைத் துடைப்பதுபோலத் துடைத்தேன். "பச்சைய எடுத்துக்கப்பா, கண்ண மூடிக்கிட்டு எடு" என்றான் அண்ணன். அந்தத் தம்பியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "இதத்தாண்ணே கேக்க வந்தேன். இந்த அக்கா ரொம்பக் கொழப்பி விட்டுட்டாங்க."

மஸ்கட்டும் ஒரு பந்தயமும்

அந்த வருஷம் அக்டோபரில் அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்ப வேண்டும். கடையை நான் நடத்துகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். "ஜெசி, ஒனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல. ஒன்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் சொல்றேன்" என்றான். அவன் சொன்னது நிஜம் என்பதால்தான் எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அவனே ஒரு வழி சொன்னான். மவுசும் கீபோர்டும் யார் வேண்டுமானாலும் விற்கலாம், ஆயிரம் யோசனை செய்து வாங்குகிற பொருளை விற்றால்தான் கடைக்காரர் என்பது அவன் கட்சி. அவன் கை நீட்டியபோது நானும் கை கொடுத்தேன். "நான் கெளம்புறதுக்குள்ள ஒன் பேச்சக் கேட்டு ஒரே ஒருத்தன் ஒரு பெரிய கார்டு வாங்கட்டும், கடைய ஒன் பேருக்கு மாத்தித் தாரேன். இல்லேன்னா ஷட்டர எறக்கிருவோம்."

பாத்திரக்கடைக்காரர்

முதலில் மாட்டியவர் எங்கள் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்திருந்த பெரியவர். மகனுக்காக வாங்க வந்திருந்தார். அண்ணனை வேண்டுமென்றே வெளியே அனுப்பிவிட்டு நானே பேசினேன். மகனுடைய மானிட்டர் சின்னது, அதற்குப் பச்சையே தாராளம் என்றேன். அவர் இரண்டு கார்டையும் டப்பாவிலிருந்து எடுக்கச் சொன்னார். ஒரு கையில் பச்சை, ஒரு கையில் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு, குடத்தை எடை பார்ப்பதுபோல இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். பிறகு சிவப்பை மேசைமேல் வைத்து, சூட்டைத் தணிப்பதற்காக அதன் முதுகில் வைத்திருந்த உலோகப் பட்டைகளை நகத்தால் தட்டினார்.

"இதக் கட்டு" என்றார். ஏன் என்று கேட்டேன். மகன் விளையாடும் விளையாட்டுக்கு இது அதிகம் என்றும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது அலுமினியம், இது அம்புட்டும் செம்பு. நாளைக்கே கெட்டுப்போனாலும் செம்பு வெலைக்குப் போகும்லத்தா."

டப்பாவில் நின்ற பெண்

அந்தக் காலத்து டப்பாக்களை நீங்கள் பார்த்திருந்தால் இது புரியும். உள்ளே இருக்கும் கார்டுக்கும் வெளியே இருக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அப்போது எங்களிடம் இருந்த சிவப்பு டப்பாமேல் வில்லோடு ஒரு பெண் நின்றாள்; உடம்பில் துணி என்று சொல்லிக்கொள்ள நாலு விரல் அகலம்தான். பச்சை டப்பாமேல் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு பேய்.

மில் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் தீபாவளி போனசோடு வந்தார். கூடவே அம்மாவையும் கூட்டி வந்துவிட்டார். அவர் ஆசைப்பட்ட போர் விளையாட்டுக்குச் சிவப்புதான் பொருத்தம். சொன்னேன். அவரும் என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். இதோ ஆள் கிடைத்தாயிற்று, கடை என் பேருக்கு வந்தாயிற்று என்று டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டப்பாவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். திரும்ப டப்பாவைப் பார்த்தார். மகன் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா சிவப்பு டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பேயவே குடு தாயி. அதுக்காச்சும் ஒடம்பு பூரா முடி இருக்கு."

மூன்று படம்

கல்லூரி விடுதியிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவன் பச்சை, ஒருவன் சிவப்பு. இரண்டு பேரும் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். எந்தக் கார்டு ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்டும் என்ற ஆராய்ச்சி. பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் பெற்றோர் இவர்களுக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். நான் பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, நொடிக்கு மூன்று படம்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது, விலை குறைந்ததை வாங்குங்கள் என்றேன்.

இரண்டு பேரும் அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள், முதல் முறையாக ஒன்று சேர்ந்து என்னை முறைத்தார்கள். தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார்கள். வாசலுக்குப் போன சிவப்புக்காரன் மனசு கேட்காமல் திரும்பி வந்தான். "கண்ணுக்குத் தெரியாட்டி என்னக்கா, மனசுக்குத் தெரியும்ல?"

பூ கேட்டவர்

டிசம்பர் பிறந்துவிட்டது. கடையைப் பார்க்க, கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். செல்போன் கடை போடப் போகிறாராம். என் மேசை நிற்கிற இடத்தை அவர் காலடியால் அளந்தபோது எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அன்றைக்குத்தான் செல்லமுத்து வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருப்பவர். நாற்பது வயது. வேறு யாருக்காகவும் இல்லை, தனக்காகவே வந்திருந்தார். பகலெல்லாம் தக்காளியும் முருங்கைக்காயும் ஏலம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் வெட்கப்பட்டார். பச்சையா சிவப்பா என்று அவர் கேட்கவே இல்லை. சிவப்பைக் கொடுங்கள் என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "முருகனுங்க" என்றார்.

அவர்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு வெட்டுவது என்று எந்த முடிவானாலும் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் ஒன்றுபோல மடித்துச் சாமி காலடியில் வைத்து, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. "பச்சைப் பூவுக்கு எங்கீங்க போறது? அதனால வெள்ளை வந்தா பச்சை டப்பான்னு வெச்சுக்கிட்டனுங்க. செகப்பரளி வந்துருச்சு" என்று விளக்கினார். ஊரெல்லாம் அண்ணனைக் கேட்டது. இவர் முருகனைக் கேட்டிருக்கிறார். எனக்குப் போட்டி அந்த உயரத்துக்குப் போய்விட்டதே என்று நொந்துகொண்டேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஜீப்பில் கொண்டுவந்திருந்த அவருடைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கித் திறந்து, இஞ்ச் டேப்பை வைத்தேன். உள்ளே ஒன்பது அங்குலம்தான் இடம். சிவப்பு ஒன்பதரை. பெரிய பெட்டியாக மாற்றலாம் என்றால், ஆசாரி தேக்கில் செய்து கொடுத்த மேசையில் இந்தப் பெட்டிக்கு அளவெடுத்து அறை வைத்திருக்கிறதாம். இம்மிகூடப் பெரிதாக இருக்கக் கூடாதாம். என்னிடம் இருந்த பச்சை சரியாக உட்காரும்.

மாட்டியே காட்டினேன். சிவப்பு அரை அங்குலம் இடித்துக்கொண்டு நின்றது. சிவப்பை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைய வியாபாரம் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. செல்லமுத்து குனிந்து, நிமிர்ந்து, இஞ்ச் டேப்பைத் தானே ஒரு முறை பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நீங்க சொல்றது ஞாயந்தானுங்க அம்மிணி. ஆனா சாமி ஒண்ணு சொன்னதுக்கப்புறம் நான் எப்படீங்க மாத்தி வாங்கறது?"

மறுபடியும் பூ

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது பாதிக் கடையை அட்டைப்பெட்டிகளில் கட்டியாகிவிட்டது. அண்ணன் ஒருபக்கம் கயிறு இழுக்க, நான் ஒருபக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நெற்றி நிறைய விபூதியோடு செல்லமுத்து உள்ளே வந்தார். அண்ணன் எழுந்து போய், "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்றான். அவர் அண்ணனைத் தாண்டி என்னிடம் வந்து நின்றார். "அம்மிணி சொன்ன பச்சையக் குடுங்க."

அண்ணன் விடுவானா? என்னிடம் முன்பே கதை கேட்டிருந்தவன், சாமி சிவப்பைத்தானே சொன்னது என்று கேட்டான். ஆமாம், ஒரே கேள்வியைச் சாமியிடம் இரண்டு தடவை கேட்கக் கூடாது, அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டேன் என்றார் அவர். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் கடையில் இருக்கிற பெண் சொல்வதைக் கேட்கலாமா, வேண்டாமா? கேட்கலாம் என்றால் வெள்ளை. வெள்ளை வந்ததாம். அண்ணன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "ஜெசி, இது செல்லாது. அவரு ஒன் பேச்சக் கேட்டு வாங்கல. முருகன் பேச்சக் கேட்டு வாங்குறாரு" என்றான்.

பந்தயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத செல்லமுத்து, ஏலத்தில் கொசுறு கேட்கிறவனைப் பார்ப்பதுபோல அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க தம்பி, முருகனுக்கு இஞ்ச் டேப்பு புடிக்கத் தெரியுமுங்களா? புள்ள சொல்றதக் கேளுன்னு மட்டுந்தானுங்க சாமி சொல்லுச்சு. கார்டச் சொன்னது அம்மிணிதானுங்களே!"

கட்டிய பெட்டிகளை அன்று மாலையே அண்ணன் கையாலேயே அவிழ்க்க வைத்து, அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தக் கடையை நான் நடத்தியதில் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: பச்சையா சிவப்பா என்பதை ஒரு இஞ்ச் டேப்பே முடிவு செய்துவிடும், அதைப் பிடித்திருக்கிற கையை நம்பலாமா என்பதற்குத்தான் சாமி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.