அரைக்கட்டை

இந்த ஊரில் சர்ச் கல்யாணத்துக்குக்கூட முதலில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் தேதி வைப்போம். நல்ல நாளுக்காக இல்லை, பஸ்ஸுக்காக. கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்காகப் பாதி ரோட்டை மூடிவிடுவார்கள். போன வருடம் ஒரு கல்யாணம் சரியாகப் பௌர்ணமி அன்றே வந்து விழுந்தது. பெண்ணின் அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த அதிகாரி. லீவு நாள் என்பதற்கு மேல் அவர் காலண்டரைப் பார்க்கவில்லை.

அந்தக் கல்யாணத்தில் பாட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்களை என்றால் நான், என் தங்கை, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தோழி. தோழியை ஊரே சிஸ்டர் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாட ஆரம்பித்தோம். பிறகு கல்யாணம், கன்வென்ஷன் கூட்டம், துக்க வீடு என்று செங்கம், போளூர், ஆரணி வரைக்கும் கூப்பிட்டார்கள். சென்னைக்குப் போய் ஒரு சி.டி.கூடப் போட்டோம். அதன் அட்டையில் மூவரும் நீலப் பட்டுப் புடவையில், யாரோ மிரட்டி நிற்க வைத்ததுபோல் நிற்போம். "மூணு பேர் பாடுறாங்களா, ஒருத்தர் பாடுறாங்களான்னே தெரியலீங்க" என்பார்கள் கேட்டவர்கள். எங்களுக்கு இருந்த பேரே அதுதான்.

எனக்குப் பயம் வந்ததும் அதனால்தான். ஐம்பதைத் தாண்டியதும் என் குரல் மேலே போக அடம்பிடித்தது. சரணத்தின் உச்சியில் தொண்டை இறுகிக் காற்று மட்டும் வரும். மூன்று பேரும் ஒன்றாகப் பாடும் இடத்தில் ஒரு குரல் பிசிறினால் எல்லாமே கெட்டுவிடும். எங்களுக்கு வழக்கமாக வாசிக்கும் கீபோர்டு அண்ணனைத் தனியாகப் பிடித்து, "அண்ணா, சுருதிய அரைக்கட்டை எறக்கி வாசிங்க. அவங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்" என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரமே பாட்டு சுலபமாக வந்தது. ஆனால் என் ஒருத்திக்காக மற்ற இருவரையும் இறக்கிவிட்டோமே என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது. பாட்டை விடவும் மனசில்லை. கடைசியில், இந்தக் கல்யாணத்தோடு நின்றுகொள்வது என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்று அடுப்படியில் சொல்லிப் பார்த்தே இரண்டு முறை குழம்பைத் தீய்த்தேன்.

கல்யாணத்தன்று பார்த்து கீபோர்டு அண்ணன் வரவில்லை. அவர் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. "வாசல விட்டு வண்டிய எடுக்கவே முடியலம்மா. ஜனம் ரொம்ப ஜாஸ்தி" என்று போன் வந்தது. அவருக்குப் பதில் மாப்பிள்ளை வீட்டார் வேலூரிலிருந்து கூட்டி வந்த ஒருவர் உட்கார்ந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்க சி.டி. முழுசும் எனக்கு மனப்பாடங்க. அதே சுருதியில வாசிக்கிறேன், கவலையே படாதீங்க" என்றார்.

போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் காதில் சொல்லலாமென்றால் தங்கையும் சிஸ்டரும் பக்கத்தைவிட்டு நகர்வதாக இல்லை. அதற்குள் மணப்பெண் வாசலுக்கு வந்துவிட்டாள்.

பல்லவி எப்படியோ தப்பித்தது. சரணம் ஆரம்பித்தது. உச்சி வரும் நேரத்தில் சட்டென்று ஒன்று தோன்றியது. பெரிய பாடகி மாதிரி சிரித்துக்கொண்டே, நீங்கள் பாடுங்கள் என்று மைக்கைச் சபையின் பக்கம் நீட்டினேன். அவர்கள் இருவரும் சமாளித்துக்கொள்வார்கள் என்ற தைரியம்தான்.

ஒரு குரலும் கேட்கவில்லை. திரும்பினால், தங்கையும் சிரித்துக்கொண்டு மைக்கை நீட்டியிருக்கிறாள். சிஸ்டரும் நீட்டியிருக்கிறார். கீபோர்டு மட்டும் தன்பாட்டுக்கு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, முன்வரிசையில் ஓர் அம்மா பாட்டை எடுத்தார். பின்னாலேயே சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் முன்பே பேசிவைத்துச் செய்ததாக எல்லோரும் நினைத்தார்கள்.

போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் மூவரும் பக்கத்து அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினோம்.

"ஏன்டி மைக்க நீட்டின?" என்றேன் தங்கையிடம்.

"நீ பாடுவேன்னு நெனச்சேன்க்கா" என்றாள். பிறகு, "எனக்கு ரெண்டு வருஷமா மேல எட்டலக்கா. கீபோர்டு அண்ணன்கிட்ட சொல்லி அரைக்கட்டை எறக்க வச்சிருந்தேன். உங்களுக்கு எதுக்குத் தொல்லைன்னு, இந்தக் கல்யாணத்தோட நின்னுக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

குழம்பைத் தீய்த்து நான் தயார் செய்த பேச்சு, அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. நானும் அரைக்கட்டை கேட்டதைச் சொன்னேன். சிஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கீபோர்டு அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணா, எங்களுக்கு எவ்ளோ எறக்கி வாசிக்கிறீங்க?"

"ஒன்றரைக் கட்டைங்க சிஸ்டர். ஆளுக்கு அரைக்கட்டை. மூணு பேருமே, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னீங்க. நான் யார்கிட்டயும் சொல்லலீங்களே" என்றார் அவர்.

வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகையும் வந்தது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினால் உடம்பே லேசாகிவிடும் என்பது உண்மைதான். யாரும் எங்கேயும் போகப் போவதில்லை.

அடுத்த பாட்டுக்கு வந்து நின்றபோது வேலூர்க்காரர் விரல்களைக் கட்டைமேல் வைத்துத் தயாராக இருந்தார்.

"ஒன்றரைக் கட்டை எறக்குங்க சார்" என்றார் சிஸ்டர்.

"சி.டி.ல அப்படி இல்லீங்களே" என்றார் அவர். முகம் வாடிவிட்டது.

"சி.டி.க்கு வயசாகாது சார். எங்களுக்கு ஆகுது" என்றாள் தங்கை.

அவர் இறக்கினார். முதல் வரியை மெல்லப் பாடிப் பார்த்தோம். எனக்கு இன்னும் கொஞ்சம் இறங்கினால் தேவலை என்றிருந்தது. மைக் ஆனில் இருப்பது தெரிந்தும் மூடாமல், சபை முழுவதும் கேட்கும்படியே சொன்னேன்:

"இன்னொரு அரைக்கட்டை எறக்குங்க சார்."