குதிரை ஏற்கெனவே வெளியே நின்றது

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சாத்தான்குளத்துக் கணக்கு வாத்தியார் ஒருவரோடு தபால் கார்டில் செஸ் ஆடினேன். ஒரு போட்டியில் என்னிடம் தோற்றுவிட்டு, "உன்ன விடமாட்டேன் தாயி" என்று விலாசம் வாங்கிப் போனவர். கார்டுக்கு ஒரு நகர்த்தல். வெள்ளைக்காய் அவருக்கு வந்தால் தொடக்கம் மாறவே மாறாது: ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம், அப்புறம் குதிரை, அப்புறம் பிஷப்.

மூன்றாவது ஆட்டத்தில் ஆறாவது கார்டு வந்தது. முதலில் எடுத்த அதே குதிரையை வெளியே எடுப்பதாக எழுதியிருந்தார். அது ஏற்கெனவே வெளியேதான் நின்றது. கைமறதியாக இருக்கும் என்று பதில் போட்டேன். அடுத்த கார்டில் சிப்பாய் இரண்டு கட்டம். 'புது ஆட்டம். உன் முறை.' மறுநாளும் அதே. ஒரு திங்கட்கிழமை மூன்று கார்டுகள் சேர்ந்து வந்தன, மூன்றிலும் அதே சிப்பாய். எழுத்து மட்டும் கார்டுக்குக் கார்டு கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே வந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். "நீங்கதானா அது? தெனமும் உங்களுக்குத்தான் எழுதுதாவ."

வாத்தியார் என்னை அடையாளம் கண்டு சிரித்தார், பலகையை விரித்தார். முதல் ஐந்து நகர்த்தல்கள் மளமளவென்று போயின. பயந்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். ஆறாவதுக்குத் தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

"இதுல நான் கறுப்பா, வெள்ளையா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"வெள்ளை, சார்."

தலையாட்டிவிட்டு என் கறுப்புக் குதிரையை எடுத்து நகர்த்தினார்.

தெருமுனைவரை அந்தம்மா கூடவே வந்தார். "பள்ளிக்கூடத்துல யார்ட்டயும் சொல்லிராதீங்கம்மா. ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு."

நான் சொல்லவில்லை. ஆனால் அரைப்பரீட்சைக்கு முன்னாலேயே வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்; பள்ளிக்கூடத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார்டுகள் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும், ஆட்டம் அப்போதுதான் தொடங்கியதுபோலப் பதில் எழுதினேன். மாசி மாதம் வந்த கார்டில் என் விலாசம் மட்டும் இருந்தது, மறுபக்கம் வெறுமை. அதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் மேசையில் வைத்திருந்தேன். அதன்பின் ஒன்றும் வரவில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். அந்த வீட்டுக்குள் திரும்ப நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை.