மஞ்சள் டப்பா, வெள்ளை டப்பா

ஷூ கம்பெனியில் அவளுக்குப் பெயர் பசையக்கா. பசையுள்ள ஆள் என்றால் கையில் நாலு காசு புரளுகிற ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவளிடம் இருந்ததோ தோலையும் ரப்பரையும் ஒட்டுகிற பசை மட்டும். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லிப் போகும்போதெல்லாம், "உங்ககிட்ட இல்லாத பசையா அக்கா?" என்று மேனேஜர் சிரிப்பார். அவளும் கூடச் சிரித்துவிட்டு வந்து பிரஷ்ஷை எடுப்பாள். மேனேஜரின் நகைச்சுவைக்குச் சிரிப்பதும் அங்கே வேலையில் சேர்த்திதான்.

ஒட்டுகிற வேலை அவளுக்கு வயிற்றுப்பாட்டுக்காக வந்தது. சின்ன வயதில் வீட்டில் அட்டைப்பெட்டி ஒட்டினார்கள். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்தால் கூழ் மாதிரி வரும், அதுதான் பசை. அம்மா கிண்டுவாள், இவள் தடவுவாள், தம்பி பெட்டிகளை அடுக்குவதாகப் பேர் பண்ணுவான். மாவுப் பசை தாளின் நாருக்குள் இறங்கி, ஈரம் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். மழைச்சாரல் பட்டால் விட்டுவிடும். போதாக்குறைக்குக் கரப்பான்பூச்சிக்கு அது விருந்து. ஒட்டிய பெட்டியைக் கரப்பான் தின்றால் கடைக்காரர் எடுக்கமாட்டார். அம்மா அதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இவளைத் திட்டுவாள்.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை மரச்சாமான் பட்டறையில் ஆசாரி. அங்கே வெள்ளைக் கோந்து. மரத்தின் துளைகளில் ஊறிப் பிடிக்கிற வகை அது. தடவியதும் ஒட்டாது. இரண்டு பலகையையும் கிளாம்பு போட்டு இறுக்கி, காயும்வரை அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் மூட்டு வாயைத் திறந்துவிடும். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அந்த மனிதர் வேறொருத்தியுடன் வேறு ஊருக்குப் போய்விட்டார். யாராவது துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தால், "கிளாம்பு மாட்டியிருந்த வரைக்கும் ஒட்டினாரு. அவ்வளவுதான்" என்பாள்.

அக்கம்பக்கத்தில் எது உடைந்தாலும் அவளிடம்தான் வரும். கோப்பையின் காது உடைந்தால் ஒரே ஒரு சொட்டு உடனடிப் பசை. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். ஆனால் தட்டென்று ஒரு அடி பட்டால் கையோடு வந்துவிடும். கனமான சாமானுக்கு இரண்டு டியூப் பசை. ஒன்று பிசின், மற்றது அதை இறுக்குகிற மருந்து. சரிக்குச் சரி கலந்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து கல்லாகும். மருந்தைக் கூடுதலாகப் பிதுக்கினால் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைத்து, பிசுபிசுத்துப் போன பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வரும். எரிந்து விழுந்துகொண்டே சுரண்டி எடுத்து, மறுபடி ஒட்டிக் கொடுப்பாள்.

ஷூவுக்கு இவை ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் சோல் வளைகிறது. கல்லாக இறுகுகிற பசை அங்கே விரிசல் விடும். கூடவே வளைந்து கொடுக்கிற ரப்பர் பசை வேண்டும். கம்பெனியில் அதற்கு மஞ்சள் சொல்யூஷன் என்று பெயர். மேல்தோலையும் சோலையும் சொரசொரப்பாகத் தேய்த்து, தூசி துடைத்து, இரண்டிலும் மெல்லிசாகத் தடவி, பிறகு காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் வேலையே இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் உள்ளே ஆவி சிக்கிக்கொண்டு, நாலு நாளில் சோல் பிளந்துவிடும். ரொம்பக் காயவிட்டால் ஒட்டவே ஒட்டாது. விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தால், விரலில் ஒட்டக்கூடாது, ஆனால் லேசாக ஒரு இழுப்பு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் சேர்த்தால் பிடித்த பிடி. கோணலாக வைத்துவிட்டால் திருத்த வழியில்லை. பசையக்கா தொட்டுச் சேர்த்த ஜோடி எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது கம்பெனியே சொன்ன பேச்சு.

அவள்தான் தம்பியை அங்கே சேர்த்துவிட்டாள். அட்டைப்பெட்டி அடுக்கிய அதே தம்பி. சாமர்த்தியக்காரன். ஷூக்களை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களின் பாஷையை மாலை வகுப்பில் படித்துக்கொண்டான். அவர்கள் வரும்போது முன்னால் நின்று பேச ஆள் கிடைத்ததும் மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. தம்பி சூப்பர்வைசர் ஆனான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு மஞ்சள் சொல்யூஷன் ஆகாது. அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல், தண்ணீரில் கலந்த வெள்ளைப் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. வெள்ளைப் பசை நல்ல பசைதான். ஆனால் காய்வதற்குச் சூட்டுப் பெட்டிக்குள் போய்வர வேண்டும், நேரம் பிடிக்கும். நேரத்தை யார் கொடுப்பார்கள்? அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் பார்வையிட வருகிற அன்று மஞ்சள் டப்பாக்கள் பின்கட்டுக்குப் போகும், வெள்ளை டப்பாக்கள் மேஜைக்கு வரும். ஜன்னலெல்லாம் திறந்துவிடப்படும். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்து கேட்பார், தம்பி அதை மொழிபெயர்ப்பான்: "என்ன பசை போடறீங்கன்னு கேக்கறாரு." பசையக்கா சொல்வாள்: "வெள்ளை. எப்பவும் வெள்ளைதான்." முதல் தடவை நாக்கு தடுக்கியது. பிறகு பழகிவிட்டது. அப்படி ஒரு வருஷம் வெள்ளை டப்பாவும் பிரஷ்ஷுமாக அவள் சிரிக்கிற படத்தை எடுத்து, பெரிதாக்கி, வாசல் சுவரில் மாட்டினார்கள்.

விரல் நுனிகள் எப்போது மரத்துப் போக ஆரம்பித்தன என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பசை காய்ந்ததா இல்லையா என்று விரல் சொல்லவில்லை. பக்கத்து மேஜைப் பெண் பார்க்காத நேரத்தில் கீழுதட்டில் ஒற்றிப் பார்க்க ஆரம்பித்தாள். உதடு சொன்னது. விரல் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் மேஜை போய்விடும், மேஜை போனால் மகளின் படிப்பு நடுவில் நிற்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மகள் கேட்பாள்:

"என்னம்மா, உதடெல்லாம் மினுமினுக்குது?"

"சும்மா தொணதொணக்காத. போய்ப் படி."

ஒருநாள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறும் கையால் இறக்கி வைத்தாள். தோல் கருகிய நாற்றம் வந்த பிறகு மகள்தான் ஓடி வந்து கையைப் பிடித்தாள். பிடித்ததுகூட அவளுக்குப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு மகள் பேச்சைக் கேட்டு டாக்டரிடம் போகாமல் தப்பிக்க முடியவில்லை. டாக்டரம்மா ஊசியால் மெல்லக் குத்திக் குத்திப் பார்த்தார்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"ஷூ கம்பெனிங்க. சோல் ஒட்டறது."

"என்ன பசை?"

வெள்ளைக் கோட்டு. என்ன பசை என்ற கேள்வி. பசையக்காவின் வாய் அவளைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டது.

"வெள்ளை. எப்பவும் வெள்ளைதான்."

மகளுக்கு விஷயம் தெரியாது. டாக்டரம்மா தலையாட்டினார். அப்படியானால் பசை காரணமில்லை, சர்க்கரையாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம் என்று ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. சத்து மாத்திரை கொடுத்தார்கள். பசையக்கா மாத்திரையை விழுங்கிவிட்டு, மாதக்கணக்கில் மஞ்சள் டப்பாவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னோம் என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை. யோசித்துச் சொன்னால்தானே உறைக்கும்.

மழைக்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து நடந்து வரும்போது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "அம்மா, உங்க செருப்பு." திரும்பிப் பார்த்தால் ஒற்றைச் செருப்பு தெருவில் வெகு தூரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. வெறுங்காலோடு ஜல்லியில் நடந்து வந்திருக்கிறாள். பாதம் கிழிந்து ரத்தம். வலிக்கவில்லை. வாழ்நாளில் எத்தனையோ ஜோடி ஷூ ஒட்டியவள், தன் காலில் செருப்பு இருக்கிறதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மஞ்சள்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்னிக்கு வாயில வரலீங்க."

"அந்த ஆவிதான் நரம்பைத் தின்னுது. இப்பவே அதை விட்டு விலகினீங்கன்னா கை கால் கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். விலகலைன்னா நடக்கறதே கஷ்டமாயிடும்."

விலகுவது என்றால் வேலையை விடுவதல்ல, அதற்கு வழியில்லை. மாடியில் பேக்கிங் அறை இருக்கிறது. ஷூவைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைக்கிற வேலை. அங்கே பசை வாடையே இல்லை. பக்கத்து மேஜைக்காரி கர்ப்பமானபோது அங்கேதான் மாற்றினார்கள். தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். காண்டீனில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"என்னை மாடிக்கு மாத்தச் சொல்லுடா."

"எதுக்குக்கா?"

கையை நீட்டிக் காட்டினாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். அவன் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"மெதுவாப் பேசு. பசையால வந்துச்சுன்னு நீ கேட்டா, என்ன பசைன்னு கேள்வி வரும்ல?"

"வரட்டும்."

"அக்கா, நீதானே வருஷா வருஷம் வெள்ளைன்னு சொன்னே? வாசல்ல உன் படம்தான் தொங்குது. வெள்ளைப் பசையில கை மரத்துப் போகுமா? மேனேஜர் இதைத்தான் கேப்பாரு."

"சொல்லச் சொன்னது யாருடா?"

அவன் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "எனக்கும் குழந்தைகுட்டி இருக்குக்கா" என்று எழுந்து போனான். மேனேஜரிடம் அவளே போனாள். தம்பி சொன்னதை அட்சரம் மாறாமல் அவரும் சொன்னார், சிரிப்பு மட்டும் கூடுதல். உடம்பு முடியவில்லை என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம், யாரும் தடுக்கவில்லை என்றார். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

அந்த வருஷப் பார்வையிடும் நாள் வந்தது. ஜன்னல்கள் திறந்தன, வெள்ளை டப்பாக்கள் வந்தன. பசையக்கா ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை வாயைத் தன் போக்கில் விடக்கூடாது என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்குகிற கம்பெனியிலிருந்து புதிதாக ஒரு அம்மாள் வந்திருந்தார். நல்ல முகம். சுவரில் இருந்த படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். ஏதோ கேட்டார்.

"என்ன பசை போடறீங்கன்னு கேக்கறாங்க" என்றான் தம்பி.

"மஞ்சள்" என்றாள் பசையக்கா. "மஞ்சள்தான் போடறோம். டப்பாவெல்லாம் பின்கட்டுல இருக்கு. என் கை மரத்துப் போச்சு, கால் மரத்துப் போச்சு. அப்படியே சொல்லு."

பக்கத்து மேஜைகளில் பிரஷ்கள் நின்றன. வெள்ளைப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெரியாமல் போய்விடும்; மஞ்சள் நகத்தில் கறையாகத் தங்கும். கறை படிந்த பத்து நகங்களையும் அந்த அம்மாளின் முன்னால் விரித்துக் காட்டினாள். தம்பியின் முகத்தில் ஒரு கணம் ரத்தம் வற்றியது. ஆனாலும் அவன் தடுமாறவில்லை. அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னான். அவர் நகங்களைப் பார்த்தார். கண்கள் நெகிழ்ந்தன. தலையசைத்து, இரண்டு கைகளாலும் பசையக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ படம் எடுத்தார்கள்.

"என்னடா சொன்னே?" என்றாள் அவள், கையை விட்டுவிடாமல்.

தம்பி சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னான்: "இத்தனை வருஷமா இந்தக் கையாலதான் அக்கா என்னை ஆளாக்கினாங்கன்னு சொன்னேன். பொய் இல்லையே அக்கா."

சாப்பாட்டு மணிக்குப் பிறகு மஞ்சள் டப்பாக்கள் திரும்பி வந்தன. ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

வாசல் சுவரில் இப்போது புதுப் படம் தொங்குகிறது. அந்த அம்மாள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், தம்பி சிரிக்கிறான், மேனேஜர் சிரிக்கிறார். பசையக்கா மட்டும் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன அடக்கம் பாருங்கள் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த அம்மாள் தன் கையை விட்டுவிட்டாரா, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்று அப்போது அவளுக்குப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.