உம்பாரிக்கு எலும்பு கிடையாது

போன மாதம் ஒரு மத்தியான வேளையில், சிவகாசி ஆஃப்செட் அச்சகம் ஒன்றின் மாடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சண்டை போட்டேன். எதற்கு? ஒரு வில்லனுக்கு எலும்பு உண்டா, இல்லையா என்பதற்கு!

தோற்றுப்போனேன். இத்தனை சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் படக்கதை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். விண்வெளிக் கதை. நாயகன் ஒரு விண்வெளி இன்ஸ்பெக்டர். வில்லன் பெயர் கொர்ராக். ஏழு கிரகங்களில் கடத்தல் தொழில். அவன் இனத்துக்கு நான் வைத்த பெயர் உம்பாரி. அறிமுகப் பக்கத்துக்கு அவசரமாக நான்கு வரி எழுதினேன்: 'உம்பாரிகள் எட்டடி உயரம். நான்கு கைகள். பச்சை ரத்தம். பிறவியிலேயே கொள்ளைக்கார இனம்.'

எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். வில்லன் கும்பலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓவியர் ரஹ்மத்துக்கு வேண்டியிருந்தது.

ரஹ்மத் பதினெட்டு வருஷமாகப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிற பெண்மணி. நீங்கள் கொளுத்திய சங்குசக்கரத்தின் பெட்டியில் ஒரு மயில் இருந்திருந்தால், அது அவருடைய மயிலாக இருக்கலாம். லேபிளில் கம்பெனி பெயர் இருக்கும், எடை இருக்கும், 'குழந்தைகள் பெரியவர் துணையுடன் வெடிக்கவும்' என்றுகூட இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது. இந்தப் படக்கதையில்தான் முதல்முறையாக அவர் பெயர் அச்சில் வர இருந்தது. என்னைப் போலவே விருதுநகர்க்காரர். அந்த உரிமையில் நான்தான் சிபாரிசு செய்திருந்தேன்.

படம் வரவில்லை... போன்தான் வந்தது.

"அண்ணே, நாலு கைன்னு எழுதியிருக்கீக. நாலுக்கும் தோள் எலும்பை எங்கன மாட்டுறது?"

"சும்மா வரைங்கம்மா, படக்கதைதானே!"

"எனக்கு வெளங்காததை எப்படிண்ணே வரைவேன்?"

இரண்டு நாள் கழித்து ஆசிரியரின் போன். "வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகணும். அந்தம்மா வரையலேன்னா சொல்லுங்க, வேற ஆர்ட்டிஸ்ட் கைவசம் இருக்கார்."

செவ்வாய் ராத்திரியே ரயில் ஏறிவிட்டேன்.

அச்சக மாடியில் ரஹ்மத்தின் மேஜை. ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் பிரஷ்கள். சீசன் ஆர்டர் நெருக்கும் நேரம். கீழே மிஷின் ஓடுகிற அதிர்வில் தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்தது. ரஹ்மத் என் முன்னால் ஒரு நோட்டை விரித்தார். பக்கம் பக்கமாக உம்பாரிகள்! வெட்டி வைத்த உம்பாரி, தூங்கும் உம்பாரி, வாயைத் திறந்த உம்பாரி...

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவர் கல்லூரியில் படித்தது விலங்கியல் அல்லவா!

"எலும்பு வேண்டாம்ண்ணே. நத்தை மாதிரி தசையாலயே நிக்கட்டும். கை நாலென்ன, ஆறுகூட வைக்கலாம். ரத்தம் பச்சை வேண்டாம், நீலம்."

"பச்சைதான் பயமா இருக்கும்."

"நமக்கு ரத்தத்துல இரும்பு. நத்தைக்கும் நண்டுக்கும் செம்பு. அதான் அதுக நீலம். நெசமா இருக்கிறதே அம்புட்டு அழகா இருக்கப்ப, பொய் எதுக்கு?"

எலும்பில்லாமல் எட்டடி எப்படி நிற்கும் என்று மடக்கப் பார்த்தேன். யானையின் துதிக்கையில் எத்தனை எலும்பு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒன்றுகூட இல்லையாம்!

அடுத்த பக்கம் புரட்டினார். உம்பாரிகளின் கிரகம். பாளம் பாளமாக வெடித்த கரிசல். கோடையில் நம் பக்கத்து மண்ணைப் பார்த்த எவருக்கும் அடையாளம் தெரியும். மழை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. அதுவரை உம்பாரிகள் மண்ணுக்குள் இறங்கி, வாயை மூடிக்கொண்டு தூங்கும். நத்தை தூங்குகிற மாதிரியேதான். முட்டைகளைத் தாய் தன் உடம்பாலேயே சுற்றிக்கொள்ளும், ஈரம் போகாமல் இருக்க.

நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் கேட்டார்.

"அண்ணே, குட்டி முட்டையை விட்டு வெளிய வருதுல்ல... வந்ததும் திருடுமா?"

"என்னது?"

"பிறவியிலேயே கொள்ளைக்கார இனம்னு நீங்கதான எழுதியிருக்கீக?"

சிரித்து மழுப்பினேன். குழந்தைகள் கதையில் இதெல்லாம் சகஜம், வில்லன் யாரென்று சட்டென்று புரிய வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன். ரஹ்மத் சிரிக்கவில்லை.

"அந்த ஒரு வரியை மட்டும் என்னால வரைய முடியாதுண்ணே. வேற ஆள வச்சு வரைஞ்சுக்கோங்க. எனக்கு வருத்தமில்லை."

வருத்தமில்லை என்று சொன்னவர் நோட்டை மூடவில்லை. அதன் மேலேயே கையை வைத்திருந்தார்.

கலர் சரிபார்க்க ஒரு லேபிள் ஷீட்டோடு மேலே வந்திருந்தார் மிஷின்மேன் பாண்டி. ஐம்பது வயதிருக்கும். எங்கள் பேச்சு முடியட்டும் என்று ஓரமாக நின்றவர், தொண்டையைச் செருமினார்.

"சார், தப்பா நெனைக்காதீக. எங்க தாத்தா காலத்துல வெள்ளைக்காரவுக போட்ட கைரேகைச் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு. எங்க சனத்துல ஆம்பளைன்னு பொறந்தவன் எவனா இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போயி ரேகை வைக்கணும். திருடுனானா இல்லையான்னு கேள்வியே கிடையாது. நீங்க எழுதுன அதே வார்த்தையைத்தான் அவுகளும் எழுதி வச்சிருந்தாக... பிறவியிலேயேன்னு."

சொல்லிவிட்டு ஷீட்டை மேஜையில் வைத்தார். "மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு தாயி, பாத்துச் சொல்லு" என்றபடி கீழே போய்விட்டார்.

எனக்குக் காது சுட்டது. எத்தனை வருஷமாக எழுதுகிறேன்! ஒரு வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எடுத்துப் போட்டிருக்கிறேனே?

"சரிம்மா" என்றேன். "அப்படின்னா கொர்ராக் எப்படிக் கடத்தல்காரன் ஆனான்?"

ரஹ்மத் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்க்க வேண்டுமே! அதையும் யோசித்து வைத்திருந்தார். உம்பாரிகள் தூங்கும் காலத்தில் வேற்றுக்கிரக வியாபாரிகள் வந்து இறங்குகிறார்கள். ஆளில்லாத கிரகம் என்று ஊற்றுகளுக்கெல்லாம் வேலி போடுகிறார்கள். மழை பெய்து உம்பாரிகள் எழுந்து பார்த்தால், பெய்த தண்ணீரெல்லாம் வேலிக்குள்ளே; குடிக்கச் சொட்டு இல்லை. அவர்களில் சில பேர் வேலியை அறுத்துத் தண்ணீர் கடத்துகிறார்கள். குட்டிகளுக்காக. அதில் கெட்டிக்காரன் கொர்ராக்.

"பெறகு?"

"பெறகு, கடத்துன தண்ணியைச் சொந்த சனத்துக்கே ஒளிச்சு வச்சு, கெஞ்ச விட்டுக் குடுக்கான். அங்கனதான் வில்லன் ஆகுறான். அது அவன் எடுத்த முடிவுண்ணே. அவன் பொறப்பு இல்ல. மத்த உம்பாரிகதான் அவனைப் பிடிக்க நம்ம இன்ஸ்பெக்டருக்கு உதவணும்."

அங்கேயே உட்கார்ந்து அறிமுகப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். ஆசிரியருக்குப் போன் போட்டேன்.

"வில்லனுக்கு எதுக்குய்யா இவ்வளவு வரலாறு? புள்ளைங்களுக்குப் புரியுமா?"

"புரியலேன்னா அடுத்த இதழோட கதையை நிறுத்திடுங்க. என் பேரையும் எடுத்துடுங்க."

இப்படி நான் பேசியதே இல்லை... அவருக்கும் ஆச்சரியம், எனக்கும் ஆச்சரியம். "சரி, வெள்ளிக்கிழமை தவறக் கூடாது" என்று வைத்துவிட்டார்.

தவறவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே படங்கள் அடங்கிய சி.டி., கூரியரில் ஏறிவிட்டது. இதழ் வந்தது. நீலமாக, ஈரமாக, பக்கத்தை நிறைத்துக்கொண்டு கொர்ராக். பார்த்தால் பயமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. ஓரத்தில் 'ஓவியம்: ரஹ்மத்'. அந்தப் பக்கத்தைப் பாண்டி அச்சகத்தின் மிஷின் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறாராம்.

எங்கள் மாவட்டம் என்றால் வெயில், வெடி, வறட்சி — இதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்கள் நிறைய. அவர்களிடம் இந்த ஒரு மாதமாக நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் பேசுகிறேன். ஒரு இனத்தையே உண்டாக்கி, அதற்கு ரத்தமும் நியாயமும் கொடுக்கிற கை எங்கள் ஊரில் இருக்கிறது, தெரியுமா?

கடிதங்களும் வருகின்றன. சாத்தூரிலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள்: 'உம்பாரிகளில் டாக்டர் உண்டா? எலும்பு இல்லாதவர்களுக்கு என்ன வைத்தியம் பார்ப்பார்கள்?'

எனக்கென்ன தெரியும்? ரஹ்மத்துக்குப் போன் போட்டேன். "இருக்காம எப்படிண்ணே? ரெண்டு நாள் குடுங்க, ஆஸ்பத்திரியையே வரைஞ்சு அனுப்புறேன்" என்றார்.

கதை எழுதுகிறவன் இன்னமும் நான்தான். சந்தேகம் ஏதாவது இருந்தால் தாராளமாகக் கேளுங்கள் — அவரிடம்!